முதலில் சொன்னது யார்

என் கடையில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையோடு சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். முகூர்த்த நேரம் தப்பு, தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று, மாப்பிள்ளையின் படிப்பைக் குறைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று குதித்திருக்கிறார்கள். ஆனால் மேலே அலங்காரத்துக்குப் போட்ட ஒற்றை வரி வாசகத்துக்காகப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தவர் மேடம் ஒருவர்தான்.

அவருடைய தம்பிக்குக் கல்யாணம். 'அன்பு இருக்கும் வீட்டில் அரிசிப் பானை குறையாது என்றார் ஒரு பெரியவர்' என்று மேலே போட்டிருந்தேன். புரூஃபைக் கையில் வாங்கியவர் பெண் பெயரையோ தேதியையோ பார்க்கவில்லை. அந்த வரியில் விரலை வைத்தார்.

"எந்தப் பெரியவருங்க பாய்?"

"யாரோ ஒருத்தர் மேடம். பொதுவா சொல்றதுதான்."

"பொதுவா யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க. ஒரு ஆளு, ஒரு நாளு, ஒரு இடத்துல வாயைத் தொறந்து சொல்லியிருப்பாங்க. அது யாருன்னு தெரிஞ்சா போடுங்க. தெரியலன்னா எடுத்துருங்க."

அந்தப் பெரியவர் நான்தான். அவசரத்துக்கு நானே இட்டுக்கட்டிய வரி அது. அசடு வழிய ஒத்துக்கொண்டேன். அத்தோடு விட்டாரா? நல்ல வரிதான், அப்படியானால் உங்கள் பெயரைப் போடுங்கள் என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில் மணமக்கள் பெயருக்கு மேலே என் பெயரும், பக்கத்தில் 'ஜெராக்ஸ் மற்றும் டி.டி.பி.' என்றும் போட்டே அந்தப் பத்திரிகை ஊருக்குள் போனது. மன்னார்குடிக்குத் தெற்கே அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிற கிராமங்களிலெல்லாம், யார் இந்த பாய், பெண் வீட்டுக்கு வேண்டியவரா என்று விசாரித்தார்களாம்.

அவர் என் கடைக்கு எதிரே இருந்த கல்லூரியில் பாடம் நடத்தினார். கும்பகோணத்துக்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், கல்லூரியின் பெயரோ அவர் பெயரோ வேண்டாம். நான் சவுதியில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப் அடித்துப் பழகிவிட்டு, ஊர் திரும்பிய கையோடு இந்தக் கடையைப் போட்டேன். பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும்தான் என் பிழைப்பு. அந்த வட்டாரத்தில் எந்த டாக்டர் எதை எங்கிருந்து எடுத்து எழுதினார் என்பது பல்கலைக்கழகத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் பாதிப் பேர் பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு எழுத்தைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மேடம் நடத்தியது பொருளியல் சிந்தனை வரலாறு. பொருளாதாரம் கேள்விப்பட்டிருக்கிறேன், வரலாறும் கேள்விப்பட்டிருக்கிறேன், இது என்ன இரண்டும் கலந்து என்று முதலில் எனக்குப் புரியவில்லை. விலை ஏன் ஏறுகிறது என்பது பொருளாதாரம் என்றார். விலை ஏன் ஏறுகிறது என்று முதலில் யோசித்தது யார், அவருக்கு முன்னால் இருந்தவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார், பின்னால் வந்தவர் அதை எப்படி மாற்றினார் என்பது அவருடைய பாடம். பையன்கள் அதைக் கல்லறைப் பாடம் என்பார்கள், ஏனென்றால் அதில் வருகிற ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை. பிறகு ஒரு வருஷம் அந்தப் பாடத்தைப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, விளம்பரம் செய்வது எப்படி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தச் சுற்றறிக்கையையும் நான்தான் டைப் அடித்தேன், அடிக்கும்போதே எரிச்சலாக இருந்தது.

ஒரு தடவை பேச்சுவாக்கில், வட்டி பாவம் என்று உலகத்தில் முதலில் சொன்னது எங்கள் மார்க்கம்தான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். மேடம் தலையை ஆட்டினார்.

"இல்லீங்க பாய். அதுக்கு முன்னாடியே யூதர்களோட வேதத்துல இருக்கு. கிரேக்கத்துலயும் ஒருத்தர் சொல்லியிருக்காரு."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் அவரும், ஆமாம், முந்தைய வேதங்களிலும் அது தடுக்கப்பட்டதுதான் என்கிறார். அடுத்த நாள் மேடம் வந்தபோது நானே போய் ஒத்துக்கொண்டேன். அவர் ஜெயித்த மாதிரி சிரிக்கவில்லை. "கட்டளையா சொல்லி, அதை வெச்சு ஒரு வியாபாரத்தையே நடத்திக் காட்டினது உங்க ஆளுங்கதான். அதை நான் எழுதியிருக்கேன்," என்று அந்தப் பக்கத்தைக் காட்டினார். யாருக்கு எவ்வளவு சேரவேண்டுமோ அவ்வளவு கொடுத்துவிடுவார். கூடவும் கொடுக்க மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

இந்த நியாயம் அவருக்கு மட்டும் யாரும் காட்டவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அவர் வேலைக்குப் பெயர் கௌரவ விரிவுரையாளர். நிரந்தர ஆசிரியர் எடுக்கிற அதே வகுப்புகள், அதே விடைத்தாள், கூடுதலாக எவரும் செய்ய விரும்பாத விழா வேலைகள். மே மாதம் சம்பளம் கிடையாது. கோடை விடுமுறையில் அவரைக் கௌரவிக்க ஆள் இல்லை போலிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கினால்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பமே போடலாம் என்ற நிலை. அதற்கு வயது வரம்பும் உண்டு, அது நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை பார்த்துக்கொண்டே ஆய்வேடு எழுதினார். தினமும் மன்னார்குடிக்கும் இங்கேயும் பஸ். மடியில் எப்போதும் ஒரு நோட்டு.

அந்த நோட்டால் ஒரு பஸ் கண்டக்டர் ஆய்வேட்டுக்குள் வந்துவிட்டார். தனியார் பஸ்காரர்கள் ஏன் கூட்டமே இல்லாத மத்தியான டிரிப்பையும் விடாமல் ஓட்டுகிறார்கள் என்று மேடம் கேட்டிருக்கிறார். "மத்தியானம் வண்டி இல்லேன்னு ஒரு தடவ தெரிஞ்சா, காலைல வர்றவனும் டூ வீலர் வாங்கிருவான்ங்க," என்றாராம் அவர். மேடம் அதை எழுதி, அடிக்குறிப்பில் கண்டக்டரின் பெயர், வழித்தடம், சொன்ன தேதி எல்லாம் போட்டார். நெறியாளர் அந்தப் பக்கத்தைச் சிவப்பால் சுழித்து, 'இவர் எந்தப் பல்கலைக்கழகம்?' என்று எழுதி அனுப்பினார். என் கடையில் நின்று அதைப் படித்த மேடம், அதற்குக் கீழேயே, 'இவர் பல்கலைக்கழகம் வழியாகப் போகிற பஸ்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

நெறியாளர் என்றால் ஆய்வுக்கு வழிகாட்டுகிறவர். இவர் வழியை மறித்தார். அத்தியாயத்தைக் கொடுத்தால் ஆறு மாதம் வைத்துக்கொள்வார். கையெழுத்துக்குப் போனால் மகள் வளைகாப்பு, மைத்துனர் ஆபரேஷன் என்பார். இதில் அவரிடம் வருகிற மாணவர்களையெல்லாம் டைப்பிங்குக்கு என் கடைக்குத்தான் அனுப்புவார். அதனால் நான் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் அத்தியாயம் மேடத்தின் உயிர். அது கூலியைப் பற்றியது. அவருடைய அம்மா கடைசிவரை நடவுக்கும் அறுப்புக்கும் போனவர், பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். பண்ணையில் அறுப்புக் கூலி எப்படி முடிவாகிறது என்று மகள் ஒரு நாள் கேட்டதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை, மேடம் அப்படியே பேச்சு மாறாமல் எழுதியிருந்தார். டைப் அடித்ததால் எனக்கு இன்னும் மனப்பாடம்.

'பண்ணை பத்தாயத்துல போன வருசத்து நெல்லு உக்காந்திருக்கு. அதுதான் நம்மளோட பேரம் பேசுது. அவங்களுக்குப் பசிக்காது, அதனால நாளைக்குப் பேசலாம்பாங்க. நமக்கு இன்னைக்கே உலை வைக்கணும். அதனால மேகம் கட்டுற அன்னைக்குத்தான் கூலி பேசணும். அன்னைக்கு வயல்ல நிக்கிற நெல்லுக்குப் பொறுமை இருக்காது. பண்ணை ஓடிவரும்.'

காத்திருக்க முடிந்தவன் வைத்ததுதான் கூலி என்று இதையே சீமையில் ஒரு பெரிய ஆள் வெகுகாலம் முன்பே எழுதியிருக்கிறாராம். மேடம் அதை மறைக்கவில்லை. முதலில் சொன்னவர் அவர், அவரைப் படிக்காமல் தானாகக் கண்டு சொன்னவர் என் தாய், மேகம் கட்டும் நாளைப் பார்த்துப் பேசலாம் என்ற வழியைச் சீமைக்காரர் சொல்லவில்லை, அது என் தாய் சொன்னது என்று பிரித்து எழுதியிருந்தார். கீழே அம்மாவின் பெயர், ஊர், அவர் சொன்ன நாள், இடம் எல்லாம் இருந்தன. பெற்ற தாய்க்குக்கூட இரண்டாம் இடம் கொடுத்த ஒரே பொம்பளையை நான் அங்கேதான் பார்த்தேன்.

"எங்க அம்மாவைத் தகவல் சொன்னவங்கன்னு எழுதச் சொல்றாரு நெறியாளர்," என்றார் ஒரு நாள். "தகவல்னா, எத்தனை ஆளு வேலைக்கு வந்தாங்க, எத்தனை மூட்டை கண்டுச்சுங்கறது. இது யோசனைங்க பாய். யோசிச்சவங்களுக்குப் பேரு இருக்கணும்."

அந்த அத்தியாயம் டைப் ஆகி முதல் பிரிண்ட் எடுத்த வாரம், நெறியாளரின் இன்னொரு மாணவர் கடைக்கு வந்தார். வேறொரு கல்லூரியில் நிரந்தர வேலையில் இருப்பவர், பதவி உயர்வுக்காக ஆய்வு செய்பவர். பைக்கிலிருந்து இறங்காமலே கூப்பிட்டார்.

"பாய், மேடத்தோட அஞ்சாவது சாப்டர சார் உடனே பாக்கணும்னாரு. பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க."

வழிகாட்டி கேட்கிறார், அவர் மாணவியின் அத்தியாயம், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏற்றிக் கொடுத்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அதே ஆள் தன் ஆய்வேட்டோடு வந்தார். வேறெங்கோ டைப் அடித்தது. பொது வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தாயிற்று, மேடையில் வைக்க இரண்டு பிரதி நல்ல அட்டையில் பைண்டிங் செய்ய வேண்டும் என்றார். பக்கங்களைத் தட்டி அடுக்கும்போது பத்தாயம் என்ற சொல் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். மேகம் கட்டுகிற அன்றைக்குப் பேச வேண்டும் என்ற பத்தி இருந்தது. அடுத்த பக்கத்தில் அதே பத்தி மறுபடியும் இருந்தது.

அது நான் செய்த தப்பு. முதல் பிரிண்ட்டில் அந்தப் பத்தியைக் கைதவறி இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தேன். இரண்டு நாள் கழித்து மேடம் பார்த்துச் சொல்லி, ஒன்றை எடுத்தேன். பென்டிரைவில் போனது எடுப்பதற்கு முந்தியது. திருடியவர் படித்துக்கூடப் பார்க்காமல் என் தப்போடு சேர்த்துத் திருடியிருக்கிறார். நெறியாளரும் படிக்கவில்லை, மதிப்பிட்ட இரண்டு பேரும் படிக்கவில்லை. யோசனையெல்லாம் 'ஆய்வாளர் கருதுகிறார்' என்று மாறியிருந்தது. அம்மாவின் பேச்சுக்குக் கீழே, பெயர் இருந்த இடத்தில், 'தகவலாளி எண் பதினான்கு' என்று போட்டிருந்தது.

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். ஒரு மாணவியின் வயிற்றில் அடித்து இன்னொரு மாணவனுக்குப் பரிமாறியிருக்கிறார் அந்த மனுஷன்.

அன்று மாலையே மேடத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். பென்டிரைவ் விஷயத்தையும் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க கம்ப்யூட்டர்ல நான் குடுத்த ஃபைல் தேதியோட இருக்குல்ல பாய்?"

"இருக்கு மேடம். ஒவ்வொரு திருத்தமும் இருக்கு."

"பொது வாய்மொழித் தேர்வுல யார் வேணா கேள்வி கேக்கலாம். நான் கேக்கறேன். ஆதாரம் எங்கன்னு கேப்பாங்க. அப்ப நீங்க எழுந்து, இது என் கடையில அடிச்சது, இன்னாரு வந்து வாங்கிட்டுப் போனாருன்னு மட்டும் சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்றேன் மேடம்," என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

இந்தப் பொது வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டம் வாங்கப்போகிறவர் மேடையில் நின்று தன் ஆய்வைச் சொல்வார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தலைமை. பிறகு அரங்கத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது சட்டம். நடைமுறையில், கேள்விகளை ஆய்வாளரே எழுதி, சீட்டுச் சீட்டாக அச்சடித்து, நண்பர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவார். 'இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் என்ன?' என்று ஒருவர் எழுந்து சீட்டைப் பார்த்துப் படிப்பார். மேடையிலிருப்பவர் நெற்றியைச் சுருக்கி, நல்ல கேள்வி என்பார். அந்தச் சீட்டுகளை அடிப்பதும் நான்தான். மைசூர்பாகும் மிக்சரும் போட்ட டப்பா நாற்காலிக்கு ஒன்றாக வைத்திருப்பார்கள்.

ஐந்து சீட்டுக் கேள்விகள் முடிந்தபின் மேடம் எழுந்தார். கையில் சீட்டு இல்லாததைப் பார்த்தே முன் வரிசை திரும்பிவிட்டது.

"உங்க ஆய்வேட்டுல தகவலாளி எண் பதினான்குன்னு ஒருத்தர் பேசறாங்க. அவங்க யாருங்க?"

"அவங்க ஒரு விவசாயக் கூலிங்க மேடம். மன்னார்குடி பக்கம்."

"நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேனே. போன வருஷம் அறுவடை சமயத்துல. வயசானவங்க. அனுபவத்துலேர்ந்து அருமையா பேசினாங்க."

"போன வருஷமா?"

"ஆமாங்க."

"அவங்க எங்க அம்மாங்க. அவங்க இறந்து ஆறு வருஷம் ஆச்சு."

மேடையில் நின்றவர் தண்ணீர் டம்ளரைத் தேடினார். அப்போது நெறியாளர் எழுந்தார். எதை வேண்டுமானாலும் மன்னிப்பேன், அன்று அவர் பேசியதை மன்னிக்க மாட்டேன்.

"ஆய்வு அறம் கருதி, தகவல் சொன்னவங்களோட அடையாளத்தை நாங்க மறைச்சிருக்கோம். மேடம் வேற யாரையோ நெனச்சுக் கொழப்பிக்கிறாங்க. தனிப்பட்ட துக்கத்தை இங்க கொண்டுவர வேண்டாம்."

அறமாம். களவாடிய வாயாலேயே சொல்கிறார்.

தேர்வாளர் மேடத்தைப் பார்த்து, "நீங்க சொல்றதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருக்குங்க," என்றார் மேடம். திரும்பி, கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்.

நெறியாளரும் என்னைப் பார்த்தார். அந்த வருஷம் அவருடைய மாணவர்கள் நாலு பேரின் ஆய்வேடு என் மேஜையில் இருந்தது. கடை வாடகை, மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம், எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. நான் குனிந்து மைசூர்பாகு டப்பாவின் ரப்பர் பேண்டைச் சரிசெய்தேன். நிமிர்ந்தபோது மேடம் உட்கார்ந்திருந்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்தார், எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்காக மேடம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் வந்தார், விடைத்தாள் பட்டியலைக் கொடுத்து, "இதை நாலு காப்பி போடுங்க பாய்," என்றார். திட்டியிருந்தால் நானும் நாலு நியாயம் பேசியிருப்பேன். அந்த வாய்ப்பையும் கொடுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது, புகாரைத் தங்கள் நெறியாளர் வழியாக அனுப்பவும் என்று. படித்துவிட்டு நான் கடையில் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்குள் எனக்குச் சத்தம் நன்றாக வரும்.

பிறகுதான் பெரிய அநியாயம். மேடம் தன் ஆய்வேட்டைக் கொடுத்தபோது, வேறெதிலாவது எடுத்து எழுதியதா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்தாம் அத்தியாயம் ஏற்கெனவே பட்டம் பெற்ற ஓர் ஆய்வேட்டோடு ஒத்துப்போகிறது என்று கடிதம் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முந்தைய ஆய்வாளரை முறைப்படி மேற்கோள் காட்ட வேண்டும், அல்லது அந்தப் பகுதியை நீக்க வேண்டும், பத்து நாளுக்குள் செய்யாவிட்டால் பதிவு ரத்து. தன் தாய் தன்னிடம் சொன்னதற்கு, திருடியவன் பெயரைக் கீழே போட்டால் பட்டம் உண்டு என்று அர்த்தம்.

ஒன்பதாம் நாள் மேடம் கடைக்கு வந்தார்.

"போட்டுத் தொலைங்க மேடம்," என்றேன். "ஒரு வரிதானே. அடிக்குறிப்ப எவன் படிக்கிறான். பட்டம் வரட்டும், வேலை வரட்டும், அப்புறம் புத்தகமா போடும்போது மாத்திக்கலாம்."

"நான் படிப்பேன்," என்றார்.

ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பக்கத்தையும் மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார். நான் பேனாவைப் பிடுங்கப் போனேன்.

"விடுங்க பாய். எங்க அம்மா இதுல இல்லாமப் போகட்டும். அவன் பேருக்குக் கீழ இருக்க வேணாம்." அவர் ஒருவரை அவன் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். "ஆறை அஞ்சாக்குங்க. ஏழை ஆறாக்குங்க. பக்க எண்ணு சரியா வருதான்னு பாத்துக்கங்க."

நான் மாற்றினேன். ஒரு அத்தியாயம் போனதே தெரியாத மாதிரி அழகாக மாற்றிக் கொடுத்தேன். அதில் நான் கெட்டிக்காரன்.

ஆறு அத்தியாயமும் தேறின. அவருடைய பொது வாய்மொழித் தேர்வுக்கு நாள் வந்தது. கேள்விச் சீட்டு அடிக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். அன்று நான் கடையைப் பூட்டிவிட்டு, பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இந்தத் தடவை எழுந்தே தீர்வது என்று முடிவு. நெறியாளர் அனுப்புகிற வேலை போனால் போகட்டும். தலைமை வகிக்க வந்த தேர்வாளர் மதுரைப் பக்கம், நல்ல மனிதராகத் தெரிந்தார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் நெறியாளர் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். மேடம் நன்றாகப் பேசினார். மூன்று பேர் நிஜமான கேள்விகள் கேட்டார்கள்.

"வேற யாராவது?" என்றார் தேர்வாளர்.

எழுந்தேன். சத்தமும் வந்தது.

"நான் இந்த ஆய்வேட்டை டைப் அடிச்சவன்ங்க. நான் அடிச்சப்ப ஏழு அத்தியாயம் இருந்துச்சு. இப்ப ஆறுதான் இருக்கு. ஒண்ணு எங்க போச்சுன்னு மேடம் சொல்லணும்."

நெறியாளரின் முகம் செத்துப்போனது. ஒன்றரை வருஷமாக என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இனி மேடம் எல்லாவற்றையும் உடைப்பார், ஆதாரம் கேட்பார்கள், நான் பென்டிரைவ் கதையைச் சொல்வேன் என்று காத்திருந்தேன்.

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு அத்தியாயத்த எடுத்திருக்கீங்களாம்மா? என்ன பிரச்சினை? அதுல ஏதும் விவகாரம் இருந்தா நான் விசாரிக்காம கையெழுத்துப் போட முடியாதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசாரணை என்றால் வருஷக்கணக்கு. நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க அந்த மாதமே கடைசி, அதற்கடுத்த தடவை மேடத்துக்கு வயது தாண்டிவிடும். இதை நான் ஒரு முறைகூட யோசிக்கவில்லை. என் கல் இறங்கினால் போதும் என்று எழுந்திருக்கிறேன்.

மேடம் மேடையிலிருந்து என்னையே பார்த்தார். அவசரப்படவில்லை.

"விவகாரம் ஒண்ணும் இல்லீங்க ஐயா," என்றார். "அந்த அத்தியாயத்துக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டுச்சு. சாட்சி சொல்றேன்னவரு வந்துமிருந்தாரு. கேட்டப்ப எழுந்திருக்கல. சாட்சி இல்லாததை நான் எழுதறதில்ல, அதனால எடுத்துட்டேன்."

"நல்ல ஆய்வு நேர்மை," என்று தேர்வாளர் தலையசைத்து, பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். நெறியாளர்தான் முதலில் கைதட்டினார். பிறகு அரங்கம் முழுவதும் தட்டியது. மேடம் எல்லோரையும் கும்பிட்டார். யாரோ மாலையோடு மேடைக்கு ஏறினார்கள், போட்டோ எடுக்கக் கூட்டம் சேர்ந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருங்க பாய், மறைக்குது," என்றார்கள் பின்னாலிருந்து.